வாடகை முடிந்து திரும்பும் பிரேக்கர்

பெங்களூரில் அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்கு அருகிலுள்ள ஒரு குறுக்குத் தெருவில், கட்டட வேலைக்கான மின்கருவிகளை வாடகைக்கு விடும் சிறிய கடையொன்றை 17 ஆண்டுகளாக நடத்திவருகிறேன். கான்கிரீட்டையும் சுவரையும் உடைக்கும் பிரேக்கர் ஒன்று காலை எட்டு மணிக்கு வெளியே போய் மாலை ஏழு மணிக்குத் திரும்பியதும், கணக்கை முடிப்பதற்கு முன்பாக அதை மேசைமீது கிடத்தி ஒருமுறை முழுவதுமாகப் பார்ப்பது என் வழக்கம். வேலையிடத்துக்கு நான் போவதில்லை என்றாலும், அங்கே என்ன நடந்தது என்பதை அந்தப் பத்து நிமிடங்களில் ஏறக்குறைய தெரிந்துகொண்டுவிடலாம். உளியின் முனை மயில்கழுத்து நிறத்துக்கு மாறியிருந்தால், அதை ஒரே குழிக்குள் நெடுநேரம் வைத்து அழுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தச் சூட்டில் எஃகு பதம் இழந்துவிட்டது. தண்டு வளைந்திருந்தால், மாட்டிக்கொண்ட உளியை எடுக்க இயந்திரத்தையே கடப்பாரையைப்போல நெம்பியிருக்கிறார்கள். ஸ்விட்சின் மேல் பசை ஒட்டிக்கொண்டிருந்தால், விரல் வலிக்கிறதென்று அதை டேப் சுற்றி அமுக்கி வைத்திருந்தார்கள். காற்றுத் துளைகளில் சிமெண்ட் சேறு உறைந்திருந்தால், புழுதியை அடக்க வாளியோடு தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் செம்புக் கம்பியைத் தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் சொருகி வேலை பார்த்த இயந்திரங்களும் வாரத்துக்கு ஒன்றாவது வருகின்றன.

இந்தத் தடயங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஏற்பட்ட கருத்து இதுதான்: பிரேக்கரால் நேரும் காயங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அதன் பலமல்ல, அதன் பலத்தை நம்பாமல் மனிதன் தன் பலத்தையும் அதன்மேல் ஏற்றுவதுதான். அதை விளக்குவதற்கு இயந்திரத்தின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும்.

பட்டியலிலும் பெட்டியிலும் இதற்கு டெமாலிஷன் ஹேமர் என்று பெயர். வேலையிடத்தில் பிரேக்கர் என்பார்கள். சிறியதாக இருந்தால் சிப்பிங் மெஷின் என்பார்கள். துளைபோடும் இயந்திரத்தைப்போல இதில் உளி சுற்றுவதில்லை, இடிக்க மட்டுமே செய்யும். மோட்டாரின் சுழற்சி ஒரு கிராங்கின் வழியாகப் பிஸ்டனின் முன்பின் ஓட்டமாக மாறுகிறது. ஆனால் அந்தப் பிஸ்டன் உளியைத் தொடுவதேயில்லை. பிஸ்டனுக்கும் அதற்கு முன்னால் ஓடும் இரும்புக் குண்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்று இருக்கிறது. அது அமுங்கி விரியும் வேகத்தில்தான் குண்டு முன்னால் வீசப்பட்டு, உளியின் பின்புறத்துக்கு அடியைக் கொண்டுசேர்க்கிறது. 16 கிலோ வகை இயந்திரம் ஒன்று ஏறத்தாழ 1,750 வாட் மின்சாரம் எடுத்து, நிமிடத்துக்கு 1,300 அடிகளை, ஒவ்வோர் அடியும் 40 ஜூல் அளவில் கொடுக்கும். நான்கு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் விழும் அடி அது. நொடிக்கு 22 முறை விழுகிறது. உளி பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தால்தான் அடி தொடங்கும் என்பதால், தரையில் வேலை செய்யும்போது இயந்திரத்தின் சொந்த எடையே அதற்குப் போதும். அதற்குமேல் ஒருவர் தன் உடல் எடையைச் சாய்த்தால் கான்கிரீட் ஒரு துண்டுகூட அதிகமாக உடையாது. கைப்பிடியில் அதிர்வைத் தாங்குவதற்கு வைத்திருக்கும் சுருள்வில் முழுவதும் அமுங்கிப்போய், அதிர்வு நேராகத் தோளுக்கு ஏறும், அவ்வளவுதான்.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தத் தவறு தொடங்கிவிடுகிறது. "பெருசா இருக்குறதையே குடுங்கண்ணா, சாயந்தரத்துக்குள்ள முடிச்சிக் குடுக்கணும்" என்று கேட்காத மேஸ்திரி அரிது. குளியலறையின் டைல்சையும் பூச்சையும் எடுப்பதற்கு ஐந்து ஆறு கிலோ இயந்திரம் போதும். சுவரில், இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் பிடித்து வேலை செய்யக்கூடிய எடையும் அதுதான். பத்து கிலோவைச் சுவருக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் அரை மணி நேரத்தில் இடுப்பு பேசும். 16 கிலோ என்பது கீழ்நோக்கி, தரையை உடைக்க மட்டுமே. அதைத் தலைக்குமேல் தூக்குவதும், ஏணியில் நின்றுகொண்டு பிடிப்பதும் செய்யவே கூடாதவை. உயரத்தில் வேலையென்றால் இரண்டு கால்களையும் அகட்டி நிற்க இடமுள்ள சாரப் பலகை வேண்டும். சம்ப் தோண்டும்போது பாறை வந்துவிட்டது என்று 30 கிலோ இயந்திரத்தைக் கேட்டு வருபவர்களுக்கு வேறொரு செய்தி வைத்திருக்கிறேன். லால்பாக்கில் நாம் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிற அந்தப் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுள்ள, நைஸ் என்ற வகைப் பாறை. ஊரின் பல பகுதிகளில் மண்ணுக்கடியில் இருப்பதும் அதன் உறவுக்காரர்கள்தான். வெடிப்பில்லாத அத்தகைய பாறைமேல் உளியை வைத்தால் உளிதான் துள்ளும். முதலில் வரிசையாகத் துளைபோட்டு, ஆப்பு வைத்துப் பிளந்த பிறகு, பிளந்ததைப் பெயர்த்தெடுக்க மட்டும் பிரேக்கரைக் கொண்டுபோகலாம்.

எதை உடைக்கிறீர்கள் என்று நான் கேட்பதைச் சிலர் அதிகப்பிரசங்கித்தனமாக நினைக்கிறார்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் மர்பி டவுனிலும் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரைகள் உண்டு. மரச் சட்டங்களுக்குமேல் செங்கல்லை நெட்டாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரையால் இறுக்கிய கூரை அது. உள்ளே சட்டம் உளுத்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. பிரேக்கரின் அதிர்வில் கூரையின் ஒரு பகுதி முழுவதும், மேலே நிற்கும் ஆளோடு சேர்ந்து, ஒரே நொடியில் கீழே போகும். அந்தக் கூரையைக் கட்டிய வரிசைக்கு நேர் எதிரான வரிசையில், மேலிருந்து கீழாகக் கையால்தான் கழற்ற வேண்டும். கட்டட இடிப்புக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 4130 சொல்லும் அடிப்படை ஒழுங்கும் இதுதான். மெட்ராஸ் டெரஸ் என்று காதில் விழுந்தால் நான் இயந்திரம் கொடுப்பதில்லை. வாடகை போகிறதே என்று என் மைத்துனர் முணுமுணுப்பார்.

புதிய கட்டடங்களில் ஆபத்து வேறு வேடத்தில் வருகிறது. தூணும் உத்தரமும் தாங்கும் வீட்டில், நடுவிலுள்ள நான்கு அங்குல, ஆறு அங்குல சாலிட் பிளாக் சுவர்கள் வெறும் தடுப்புகள். பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பின் எடுக்கலாம். ஆனால் அலுமினிய அச்சு வைத்து வார்க்கப்பட்ட அடுக்குமாடிகளில் படுக்கையறைச் சுவர்கூடக் கம்பி வைத்த கான்கிரீட்டாகவே இருக்கும், அதுவே மேலிருக்கும் மாடிகளைத் தாங்கிக்கொண்டும் இருக்கும். பூச்சை உடைத்துப் பார்த்துக் கம்பி தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். "கம்பிதானே, வெட்டிடலாம்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அதைவிடக் கொடியது பி.டி. ஸ்லாப், அதாவது கான்கிரீட் இறுகிய பின் உள்ளிருக்கும் கம்பிகளை இழுத்துக் கட்டிய தளம், அதில் முறுக்குக் கம்பிகள் பல டன் இழுவிசையில் விறைத்து நிற்கும், உளி பட்டு அறுந்தால் அது சாட்டையைப்போல வெளியே வரும். அலுவலகக் கட்டடத்தில் தரையைக் கொத்தப் போகிறவர்கள், வரைபடத்தைப் பார்க்காமல் முதல் அடியைக்கூட வைக்கக் கூடாது.

இனி மின்சாரம். இதில் என் தவறு ஒன்றையே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் சாட்சி இன்னும் கடைச் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு சாளரத்தைப் பெரிதாக்குவதற்காக நானே சிப்பிங் மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். ஊருக்கெல்லாம் சொல்பவனாயிற்றே, மெயினை அணைத்தேன். இயந்திரத்துக்கு மாடிப் போர்ஷனிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்து, மின்கசிவைக் கண்டதும் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்றை அதில் போட்டு, அதன் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். சுவரில் உளி நான்கு அங்குலம் இறங்கியபோது பளீரென்று ஒரு நீல வெளிச்சமும், துப்பாக்கி வெடித்ததைப் போன்ற சத்தமும் வந்தன. அடுத்த அறையில் இன்வெர்ட்டர் கீச்சிடத் தொடங்கியது. அப்போதுதான் புரிந்தது. மின்தடைக்குப் பழகிய இந்த ஊரில் பாதி வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை அணைத்த மறுகணமே அது விளக்குக்கும் மின்விசிறிக்கும் போகும் கம்பிகளில் 230 வோல்ட்டைத் தவறாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். நான் அணைத்தது மின்வாரியத்தின் மின்சாரத்தை மட்டுமே. சுவருக்குள் இருந்தது பேட்டரியின் மின்சாரம். உளி முனையில் கடுகளவுக்கு எஃகு உருகி ஒரு குழி விழுந்திருந்தது.

அன்று எனக்கு ஒன்றும் ஆகாததற்கு இரண்டு காரணங்கள். இரண்டு கைகளும் இயந்திரத்தின் பிளாஸ்டிக் கைப்பிடிகளில் மட்டுமே இருந்தன, தரை காய்ந்திருந்தது. இந்த இயந்திரங்களின் உடலில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த ஒரு குறி இருக்கும். இரட்டை மின்காப்பு என்பது அதன் பொருள், அதனால்தான் அவற்றுக்கு எர்த் கம்பி இருப்பதில்லை. ஆனால் அந்தக் காப்பு, இயந்திரத்தின் சொந்த மின்சாரத்திலிருந்து நம்மைக் காப்பதற்கானது. சுவருக்குள் இருக்கும் வேறொரு கம்பியை உளி தொட்டால், உளியும் அதைப் பிடித்திருக்கும் உலோக மூக்கும் மின்னோட்டம் பெற்றுவிடும். இயந்திரத்தின் லைனிலுள்ள ஆர்சிசிபிக்கு அந்தக் கம்பி யாரோ அந்நியன். அது விழவே விழாது. ஆகவே, மெயினோடு இன்வெர்ட்டரையும் சோலார் இருந்தால் அதையும் அணைத்து, டெஸ்டரால் ஸ்விட்ச் பெட்டிகளில் பார்த்த பிறகே உளியைச் சுவரில் வைக்க வேண்டும். சித்தாளைக் கூப்பிட்டு "உளியைக் கொஞ்சம் பிடி, வழுக்குது" என்று சொல்லும் பழக்கம் பல இடங்களில் உண்டு. உளியைப் பிடிக்கும் அந்தக் கைக்கு எந்தக் காப்பும் கிடையாது. விரல் நசுங்குவது அதற்கடுத்த கவலை. வழுக்கினால் சிறு சுத்தியால் ஒரு பொட்டுக் கொத்திவிட்டுத் தொடங்கினால் போயிற்று. ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் கம்பி ஓடும் என்று கொள்ளலாம். குழாய் எரிவாயு வந்துவிட்ட அடுக்குமாடிகளில் அதன் வால்வையும் கேட்டு மூட வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் கேபிளைப் பற்றி ஒரு கணக்கு. 1,750 வாட் இயந்திரம் ஏழரை ஆம்பியருக்குமேல் இழுக்கும். 50 மீட்டர் நீளமுள்ள ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் அது ஏறத்தாழ 14 வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடும். இரண்டரைச் சதுர மில்லிமீட்டரில் ஐந்தரை வோல்ட்தான் போகும். கூடவே, டிரம்மில் சுற்றியபடியே பயன்படுத்தினால் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் காப்பு உருகி ஒட்டிக்கொள்ளும். அப்படி உருகிய டிரம்கள் இரண்டு என்னிடம் வந்திருக்கின்றன. கேபிளை முழுவதும் விரித்து, முதுகுப் பக்கமாக, தோளுக்குப் பின்னால் வரும்படி விட வேண்டும். உளிக்கு முன்னால் கிடக்கும் கேபிள் என்றைக்கோ ஒருநாள் அறுபடும்.

உடைக்கும் முறையில்தான் பழகியவரும் பழகாதவரும் தெரிந்துபோகிறார்கள். பழகாதவர் தரையின் நடுவில் தொடங்குவார். உடைந்த துண்டு ஒதுங்குவதற்கு இடமில்லாததால், உளி தன்னைச் சுற்றிப் பொடியை அடைத்துக்கொண்டு கிணறு தோண்டும், கடைசியில் மாட்டிக்கொள்ளும். பழகியவர் ஓரத்தைத் தேடுவார். ஓரமில்லையென்றால் பாயிண்ட் உளியால் முதலில் ஒரு குழியை உண்டாக்கி, பிறகு அந்தக் குழியையே ஓரமாக வைத்துக்கொண்டு, மூன்று நான்கு அங்குலத்துக்குமேல் ஆசைப்படாமல் அதன் பக்கமாகத் துண்டுகளைத் தள்ளிவிட்டுக்கொண்டு வருவார். பத்துப் பதினைந்து நொடியில் விரிசல் விடவில்லையென்றால் அந்த இடத்தோடு சண்டை போடாமல் இரண்டு அங்குலம் தள்ளி வைப்பார். டைல்சுக்கும் பூச்சுக்கும் பட்டை உளியை மாற்றிக்கொள்வார். அதையும் மீறி உளி மாட்டிக்கொண்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு இயந்திரத்தை உளியிலிருந்து கழற்றி, இன்னோர் உளியைப் போட்டுப் பக்கத்தில் உடைத்து, மாட்டியதை விடுவிப்பதுதான் வழி. அப்போது உளி தோலை உரிக்கும் சூட்டில் இருக்கும் என்பதையும், உளியைப் போட்டதும் பூட்டு விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூட்டு விழாத உளி அம்பைப்போலப் பறந்த கதைகள் எல்லா மேஸ்திரிகளிடமும் உண்டு.

பெரிய இயந்திரங்களில் ஸ்விட்சை அழுத்திய நிலையிலேயே வைக்கும் பூட்டு ஒன்று கம்பெனியே கொடுப்பதுண்டு. தரையில் நின்று கீழ்நோக்கி உடைக்கும் வேலைக்கு அது சரி. டேப் சுற்றுவது அதுவல்ல. சிறிய இயந்திரம் கை நழுவினால் தானாக நின்றுவிட வேண்டும் என்பதற்காகவே அதன் ஸ்விட்ச் விரலை விட்டால் அணையும்படி அமைந்திருக்கிறது.

உடைத்துப் போட்டதை எங்கே குவிப்பது என்பதை யாரும் பாதுகாப்புக் கேள்வியாகவே நினைப்பதில்லை. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குக் கணக்கிடப்படுபவை. உடைந்த கான்கிரீட்டின் குவியல் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்று வைத்துக்கொண்டால், ஓரடி உயரக் குவியல் சதுர மீட்டருக்கு 450 கிலோவாகிவிடுகிறது. சனிக்கிழமை மாலையில் "திங்கக்கிழமை வண்டி வரும்" என்று ஒரு மூலையில், அதிலும் பால்கனியில், இடுப்பளவுக்குக் குவித்துவிட்டுப் போகிறவர்கள் கீழ்வீட்டுக்காரர் தலைக்குமேல் என்ன வைத்துவிட்டுப் போகிறோம் என்று கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. சாக்கில் கட்டி அன்றன்றைக்கே இறக்குவதற்குக் கூலி ஆகத்தான் செய்யும்.

கண்ணாடியும் முன்பக்கம் இரும்பு வைத்த காலணியும் அவசியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். செருப்போடு 16 கிலோ இயந்திரத்தைப் பிடிப்பவரைப் பார்த்தாலே எனக்குக் கால்விரல் கூசும். நான் அதிகம் பேச விரும்புவது அன்றைக்கே ரத்தம் வராத காயங்களைப் பற்றி.

கடை தொடங்குவதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஓர் ஒப்பந்தக்காரரிடம் பிரேக்கர் பிடித்தேன். இப்போதும் மார்கழிக் காலையில் என் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைப் போட என் மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. 1918ஆம் ஆண்டிலேயே அலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க மருத்துவர், இந்தியானா மாநிலத்தின் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த தொழிலாளர்களிடம் இதை ஆராய்ந்திருக்கிறார்; குளிரில் அவர்களுடைய விரல்கள் வெளுத்துச் செத்தவைபோல ஆகிவிடும். தொடர்ந்த அதிர்வு விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு உத்தரவில் இதற்கு வரம்பு உண்டு: எட்டு மணி நேரச் சராசரியாக, அதிர்வின் முடுக்கம் நொடிச் சதுரத்துக்கு இரண்டரை மீட்டர் அளவைத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், ஐந்தைத் தாண்டவே கூடாது. இயந்திரத்தின் கையேட்டில் அதன் அதிர்வு எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் 15 என்றால், உளி உண்மையில் அடித்துக்கொண்டிருக்கும் நேரம் 13 நிமிடமானதுமே முதல் வரம்பு வந்துவிடும். 53 நிமிடத்தில் இரண்டாவது. எண் 10 என்றால் அவை அரை மணியும் இரண்டு மணியுமாக நீள்கின்றன. ஆகையால் அதிர்வைக் குறைக்கும் அமைப்புள்ள இயந்திரத்துக்கு நான் கூடுதலாகக் கேட்கும் வாடகை, பிடிப்பவரின் கைக்குக் கிடைக்கும் நேரத்துக்கான விலை.

"அதிர்வைத் தடுக்கும் கையுறை" என்று விற்கப்படுவதை இதற்காக வாங்க வேண்டாம். அந்த உறைகள் வேகமான, நுண்ணிய அதிர்வைத்தான் ஓரளவு குறைக்கும். நொடிக்கு இருபது சொச்சம் முறை வரும் முரட்டு அடியை அவை அப்படியே உள்ளே விட்டுவிடுகின்றன. தோல் உரியாமலும் கை சூடாகவும் இருக்க எந்தக் கையுறையும் நல்லதே. உண்மையில் பயன்படுவது, இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பிடிப்பதும், கூரான உளியை வைத்துக்கொள்வதும், கைப்பிடியை இறுக்கிக் கசக்காமல் தளர்வாகப் பிடிப்பதும்தான். இடைவேளையில் பீடி பிடிப்பது ஏற்கெனவே சுருங்கியிருக்கும் குழாய்களை இன்னும் சுருக்கும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

காதும் அப்படித்தான் போகிறது. சத்தம் 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பதும், மூன்று டெசிபல் கூடும்தோறும் அந்த நேரம் பாதியாகும் என்பதும் அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரேக்கர் பிடிப்பவரின் காதருகே 100 டெசிபல் சாதாரணம். அந்தக் கணக்கில் அவருக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது 15 நிமிடம். பஞ்சு வைத்துக்கொள்வதால் பயனில்லை. நுரைப் பிளக்கை மெல்லிய திரியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் காதுக்குச் சட்டம் தனியாக இருக்கிறது: ஒலி மாசு விதிகளில் 2010ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை இத்தகைய கருவிகளை ஓட்டக் கூடாது. உடைப்பவரின் காதுக்கு அவரும் முதலாளியும்தான் சட்டம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் புழுதியிடம்தான். என் தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையில் துளைபோடும் இயந்திரம் பிடித்தவர். சுரங்கம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்படுவதற்கு வெகுநாள் முன்பே அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் சுரங்கம் அவர் நெஞ்சிலிருந்து ஓய்வு பெறவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு மைன்ஸ் இருமல் என்று பெயர். படி ஏற முடியாமல், படுத்து உறங்க முடியாமல், திண்ணைத் தூணில் சாய்ந்தபடியே இரவுகளைக் கழித்த அவரை நான் பார்த்திருக்கிறேன். கான்கிரீட்டின் மணலிலும் ஜல்லியிலும் இருப்பதும் அதே சிலிக்காதான். கண்ணில் படுகிற புழுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்கே தெரியாத, நான்கைந்து மைக்ரானுக்குக் குறைந்த துகள்தான் நுரையீரலின் கடைசி அறைவரை போய்த் தழும்பாகிறது. அந்தத் தழும்பு ஆறுவதில்லை, காசநோய்க்கும் அது கதவைத் திறந்து வைக்கிறது. அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு விதி அனுமதிப்பது, ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். ஒரு சிட்டிகை உப்பில் லட்சக்கணக்கான மைக்ரோகிராம் இருக்கிறது என்பதை வைத்து அந்த அளவைப் புரிந்துகொள்ளலாம்.

தண்ணீர் இதற்கு நல்ல மருந்து, ஊற்றும் விதம் தெரிந்தால். செடிக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் நிரப்பி, உடைக்கப் போகும் பரப்பை முன்கூட்டியே நனைத்து, பிறகு உதவியாள் உளி முனையை நோக்கி மெல்லிய தூறலாக, இயந்திரத்தின்மேல் படாமல் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அங்கே ஆர்சிசிபி இல்லாமல் தண்ணீர் கூடாது. வேலை முடிந்ததும் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவது, அடங்கிய புழுதியை மறுபடியும் எழுப்பி மூச்சில் ஏற்றுவதுதான். முகத்தில் கட்டும் துண்டும் கைக்குட்டையும் பெரிய புழுதியை மட்டும் நிறுத்தும். என்95 மாஸ்க்காவது வேண்டும், அதுவும் தாடியின்மேல் உட்கார்ந்தால் பயனில்லை.

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து காலை ரயிலில் வந்து, மாலை ரயிலைப் பிடிக்க ஓடும் பிள்ளைகள் பலர் என் கடை இயந்திரங்களைப் பிடிக்கிறார்கள். அவர்களுடைய தாத்தாக்களும் என் தாத்தாவும் ஒரே ஷிஃப்டில் கீழே இறங்கியிருக்கக்கூடும். ஆகவே சில ஆண்டுகளாக ஒவ்வொரு பிரேக்கரோடும் இரண்டு மாஸ்க்குகளையும் ஒரு ஜோடிக் காதுப் பிளக்கையும் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்புகிறேன். முதலில் எல்லாம் உறை பிரியாமலே திரும்பி வந்தன. இப்போது பாதிக்குமேல் பயன்படுத்தியவையாக வருகின்றன. அவற்றையும் உளியைப்போலவே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். வெளிப்புறம் சிமெண்ட் நிறமாகவும் உட்புறம் வெள்ளையாகவும் இருந்தால் சரியாகப் போட்டிருக்கிறார்கள். உட்புற விளிம்பில், மூக்குக்கு இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடியிருந்தால், மூக்குக் கம்பியை அழுத்தாமல் விட்டிருக்கிறார்கள். புழுதி அந்த வழியாகவே உள்ளே போயிருக்கிறது. போன வியாழக்கிழமை அப்படி ஒன்று வந்தது. அதைக் கொண்டுவந்த தம்பிக்கு அந்தக் கோட்டைக் காட்டி, புதிய மாஸ்க் ஒன்றை எடுத்து அவன் மூக்கின்மேல் வைத்து, கம்பியை இரண்டு விரலால் அழுத்தச் சொன்னேன். அழுத்தினான், ஊதிப் பார்த்தான், காற்று கண் பக்கமாக வரவில்லை என்றான், ரயிலுக்கு நேரமாகிறது என்று மாஸ்க்கைக் கழற்றாமலே ஓடினான்.